சார்ஜனுக்கு அரைப் பேர்

“இவன் நடிக்கல. நடிக்கிறவன் கண்ணு எனக்குத் தெரியும்” என்றார் மண்டோர் உடையப்பன், சார்ஜனின் இமையை விரலால் விலக்கிப் பார்த்துவிட்டு.

சார்ஜன் பதின்மூன்று வயது நாய். போன மாதம் பின்னங்காலில் பனை முள் குத்தியது. முள்ளை எடுத்து, கருவாடு கொடுத்துத் தேற்றியும் நொண்டல் போகவில்லை. இப்போது இரண்டு பின்னங்கால்களையும் இழுத்துக்கொண்டு வாசலிலேயே கிடந்தது. வயசு என்றார்கள்.

நடிப்பைப் பற்றிப் பேச மண்டோருக்குத் தகுதி உண்டு. ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷம் மண்டோராக, அதாவது கங்காணியாக, விடிகாலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் போட்டு வேலைக்கு அனுப்பியவர். காய்ச்சல் என்று வந்தவனின் கண்ணைப் பிதுக்கிப் பார்த்து, “காய்ச்சல் இல்ல, நேத்து அடிச்ச தண்ணி. போடா மரத்துக்கு!” என்பார். பிரசவ வலியோடு வந்தவளையே சந்தேகப்பட்டவர் என்று புக்கிட் பெலிம்பிங் தோட்டத்தில் இன்றும் பேச்சு.

அவர் மனைவி அம்சவள்ளியும் அந்தப் பெரட்டில் நின்றவள்தான். ஒருநாள்கூடப் பொய் சொல்லாத ஒரே ஆள் என்பதால்தான் அவளைக் கட்டிக்கொண்டதாகச் சொல்வார். அவள் அதற்கு மறுப்புச் சொன்னதில்லை.

எண்பத்தாறாம் வருஷம் ஓய்வு. மறுவருஷமே லேசான பக்கவாதம். இடது கால் இழுத்துக்கொண்டது. “தினமும் நடங்க, இல்லாட்டி கால் போயிடும்” என்றார் டவுன் டாக்டர். மண்டோர் மூன்று மாதமாகப் பிரம்பு நாற்காலியை விட்டு நகரவில்லை. அவர் குடியிருந்த கம்பத்தில், அந்தச் சின்ன ஊரில், பாதிப் பேர் அவர் விரட்டி வேலை வாங்கிய ஆட்கள். அவர்கள் முன்னால் நொண்டுவதா?

“சார்ஜனுக்காகத் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசரைக் கேட்டேன்” என்றாள் அம்சவள்ளி. “வயித்துக்கு அடியில துணியைக் கொடுத்துத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, காலையும் சாயந்திரமும் கோயில் வரைக்கும் நடத்தணுமாம். எனக்கு அதுக்கெல்லாம் நேரமில்ல. தீபாவளிக்குள்ள இது எழுந்து நடக்கல, நாய் பிடிக்கிற லோரியில ஏத்தி விட்டுருவேன்.”

“ஏண்டி, பதிமூணு வருஷம் வீட்டைக் காத்தவனை...”

“காத்துச்சு, இல்லங்கல. இப்ப ரெண்டு பேரும் வாசல்ல உக்காந்து தின்னுக்கிட்டிருக்கீங்க. எனக்கு ஒருத்தர் போதும்.”

மறுநாள் காலை மண்டோர் எழுந்தார். பழைய கைலியை மடித்துச் சார்ஜனின் வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கிப் பிடித்தார். இருவருக்கும் சேர்த்து ஆறு கால். அதில் உருப்படியானது மூன்று. ஊர்வலம் புறப்பட்டது.

“மண்டோரண்ணே, பெரட்டுல ஆள் கொறைஞ்சு போச்சே லா!” என்று கடைவாசலில் ஒருவன் கத்தினான்.

“ஒரு ஆளா இருந்தாலும் பொய் சொல்லாத ஆளுடா!”

கடையே சிரித்தது. எல்லார் கண்ணும் நாயின் காலில் இருந்தது. அவர் காலை ஒருவரும் பார்க்கவில்லை.

சார்ஜன் பாதி வழியில் அடிக்கடி படுத்துக்கொள்ளும். “இன்னிக்கு உனக்கு அரைப் பேர்தான். அரை நாள் கூலிதான் கெடைக்கும்” என்று மிரட்டுவார். பிறகு அவரே குனிந்து, நாயின் காலைத் தடவிக் கொடுத்து, கெஞ்சி எழுப்புவார். முப்பது வருஷத்தில் எந்த மனிதனுக்கும் காட்டாத கருணை அது.

மூன்றாவது வாரம் அடுத்த வீட்டுச் சின்னத்தாய் வேலியோரம் வந்து நின்றாள். “மண்டோரண்ணே, மத்தியானம் நீங்க தூங்குறப்ப ஒங்க நாய் எங் கோழியைத் தொரத்துது.”

மண்டோர் விழுந்து விழுந்து சிரித்தார். “சின்னத்தாயி, பெரட்டுலயும் நீ இப்படித்தான் புளுகுவ. இவன் ஒண்ணுக்குப் போறதுக்கே நான் தூக்கிப் பிடிக்கணும். இவன் கோழி தொரத்துறானா?”

“வேற நாயா இருக்கும் சின்னத்தாயி” என்று அம்சவள்ளி அவசரமாக வந்து, ஒரு கிண்ணம் கறிக்குழம்பைக் கையில் கொடுத்து அனுப்பிவைத்தாள்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, கோயில் வரை போய் எங்கும் நிற்காமல் திரும்பினார்கள். மண்டோருக்கு உடம்பெல்லாம் வேர்வை. கைலியை உருவியதும் சார்ஜன் பொத்தென்று வாசலில் சரிந்தது.

“அம்சா, இன்னும் ஒரு மாசம் டைம் குடு. லோரிக்காரன்கிட்ட சொல்லிடாத” என்றார். வாழ்க்கையில் அவர் யாரிடமும் அந்தக் குரலில் பேசியதில்லை. “இவன் நடந்துருவான். நான் நடக்க வைக்கிறேன்.”

“பாக்கலாம். மொதல்ல போய்க் குளிங்க” என்றாள் அவள், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு.

மண்டோர் ஒரு கையில் வாளியும் மறு கையில் துண்டுமாகப் பின்கட்டுக் குளியலறைக்கு நடந்தார். போன மாதம் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போன தூரம். இன்று சுவரைப் பிடிக்க அவரிடம் கை மிச்சமில்லை. அது அவருக்குத் தெரியவும் இல்லை. அம்சவள்ளி அந்த இடது காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிஸ்கட் டின்னைத் திறந்து பெரிய கருவாட்டுத் துண்டு ஒன்றை எடுத்தாள். வாசலுக்கு வந்து, குனிந்து மெல்லச் சொன்னாள்:

“எழுந்திருடா சார்ஜன், மண்டோர் போயிட்டாரு!”