முதல் கேள்வி

திரையில் அம்பு நட்டநடுவில் நின்றது. மௌஸை இழுத்தாள், தட்டினாள், மேசையில் ஒரு குத்துக்கூட வைத்தாள். நகருவேனா என்றது.

‘தொடங்கு’ என்ற பச்சைப் பொத்தான் நாலு விரல் தள்ளி இருந்தது. அதைப் பத்தேகாலுக்குள் அழுத்தினால் தேர்வு திறக்கும். இல்லாவிட்டால் மூடிக்கொள்ளும். மணி ஒன்பது ஐம்பத்தைந்து.

பிரசவத்துக்காக விட்ட வேலை. எட்டு வருடம் கழித்து ஒரு நிறுவனம் அவளை மதித்துக் கூப்பிட்டிருக்கிறது. மறுவாய்ப்பு கிடையாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். கைப்பேசியில் எழுதக்கூடாது என்பதையும்.

“என்னங்க, மௌஸ் வேலை செய்யல, சீக்கிரம் வாங்க!”

கணவர் பாதிச் சவரத்தோடு ஓடிவந்தார்.

அவளுக்குப் பாதி பயம் அப்போதே இறங்கிவிட்டது. யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். டாக்டர் என்றே பெயர். பாதி வைத்தியம் போனிலேயே முடிந்துவிடும். டாக்டரையே கட்டிக்கொண்டவளுக்கு என்ன கவலை?

மௌஸைக் கவிழ்த்து, அடியிலிருந்த ஸ்விட்சை அணைத்துப் போட்டார். பேட்டரியைக் கழற்றித் துண்டில் துடைத்து மாட்டினார். போதாததற்குச் சுவர்க் கடிகாரத்தை இறக்கி, அதன் பேட்டரியையும் போட்டுப் பார்த்தார்.

சுவரில் நேரம் நின்றுவிட்டது. திரையில் நிற்கவில்லை.

மேசைக்கடியில் தவழ்ந்து போனார். கம்ப்யூட்டரின் பின்பக்கம் டார்ச் அடித்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகும் என்றார். அதில் நாலு நிமிடம் போயிற்று; தேர்வுப் பக்கம் திரும்ப வந்தது, அம்பு மட்டும் அசையவில்லை.

அவள் வயர் வைத்த கீபோர்டிலேயே சமாளிக்கப் பார்த்தாள். எதை அழுத்தினாலும் எங்கெங்கோ தாவியது, பச்சைப் பொத்தானை மட்டும் தொட மாட்டேன் என்றது.

வயர் வைத்த பழைய மௌஸ் ஒன்று அலமாரியில் கிடந்ததே என்று ஓடினாள். இல்லை. போன வாரம்தான் அவர் வீட்டை ஒழிக்கிறேன் என்று எல்லாவற்றையும் தன் ரிப்பேர் கடைக்கு வாரிக்கொண்டு போயிருந்தார். கடைக்குப் போய்வர அரை மணி ஆகும்.

அவர் நெற்றியெல்லாம் வேர்வை, கன்னத்தில் காய்ந்த சோப்பு நுரை. பார்க்கவே பாவமாக இருந்தது. வேலைக்குப் போகிறேன் என்றபோது வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன். தாராளமாகப் போ என்றவர். இன்றும் அவள் குளித்துவிட்டு வருவதற்குள் தேர்வுப் பக்கத்தைத் திறந்து, நாற்காலியைக்கூடத் துடைத்து வைத்திருந்தார்.

பத்தேகால். பச்சைப் பொத்தான் சாம்பல் நிறமாயிற்று.

எட்டு வருடக் கனவு, ஒரு பொத்தானைத் தொட முடியாமல் போய்விட்டது. அவர் அவள் தோளில் கை வைத்து, விடு, நமக்குக் கொடுத்துவைக்கவில்லை என்றார். அதற்கும் தலையாட்டினாள். இவ்வளவு பாடுபட்டாரே என்று நன்றிகூடச் சொன்னாள், பைத்தியக்காரி.

அவருடைய போன் அடித்தது. வாடிக்கையாளர் யாரோ. அவள் தோளிலிருந்த கையை எடுக்காமலே மறு கையால் எடுத்துப் பேசினார். ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்குச் சொல்லிப் பழகிய வாய், தன்பாட்டுக்குச் சொன்னது.

“கீபோர்டா? வயர்லெஸ்ஸா? வேற எதையும் தொடாதீங்க. முதல்ல கம்ப்யூட்டர் பின்னாடி, சிக்னல் வாங்குற அந்தக் குட்டி ரிசீவர் சொருகி இருக்கானு பாருங்க. அது இல்லன்னா கீபோர்டும் ஓடாது, மௌஸும் ஓடா...”

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தோளிலிருந்த கை மெல்ல விலகியது.

இருபது நிமிடம் என்னென்னவோ பார்த்தவர், அதை மட்டும் அவளிடம் கேட்கவே இல்லை.

அவள் குனிந்து மேசைக்கடியில் போனாள். பின்பக்கம் எங்கும் தூசி. நகத்தளவு ரிசீவர் இருக்கவேண்டிய துளை மட்டும் சுத்தமாக, காலியாக இருந்தது.

அவள் வெளியே வந்து எழுந்து நின்றாள். அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை, அவளைப் பார்க்கவும் இல்லை. அறை அமைதியாக இருந்ததால் எதிர்முனைக் குரல் அவளுக்கும் நன்றாகக் கேட்டது.

அங்கே சரியாகிவிட்டதாம். டாக்டருக்குக் கோடிப் புண்ணியம் என்று யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.