முள் ஓடிய தட்டு

ஊரே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் அந்த இசைத்தட்டை இருபது வருடங்களாக மதிக்காதவர்கள் இரண்டே பேர்தான். விமர்சகன் எவனாவது அதைப் புகழ்ந்து எழுதிவிட்டால் ஞானசிகாமணி நேரே சில்வெஸ்டர் வீட்டுக்குப் போய்விடுவார். “வெறும் இரைச்சல்” என்று இருவருமாகச் சொல்லிச் சிரித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். இன்று சில்வெஸ்டர் காப்பி போட உள்ளே போயிருந்தபோது, திட்டுவதற்கென்றே அவர் வாங்கிவைத்திருந்த அந்தத் தட்டை ஞானசிகாமணி உறையிலிருந்து உருவினார். முள் ஓடி ஓடி அதன் கறுப்பு வெளுத்துப்போயிருந்தது. டம்ளர்களோடு வந்த சில்வெஸ்டர் அப்படியே நின்றுவிட்டார்.

“ஏல, எம்புட்டு நாளா இதக் கேக்குத?” என்றார் ஞானசிகாமணி.

“வாங்குன அன்னைலேர்ந்து.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா, பொறவு நீ இங்க வருவியால?”

உலகம் கண்டுகொள்ளாத மேதைகள் என்று இருவரும் சேர்ந்து உருகிய தட்டுகளை ஞானசிகாமணி அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக உருவினார். கடையிலிருந்து வந்த அன்றுபோல, ஒரு கீறல்கூட இல்லாமல், அவை அவருடைய முகத்தைக் காட்டின.