பச்சை வளையல்

மேகலா மூன்று மாடியையும் ஓட்டமாக ஏறி, ஊசியும் பரிசோதனைக் கருவியுமாகத் தங்கையின் வீட்டுக்குள் பாய்ந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி பூரணி, உள்ளங்கை சிவக்கச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"கையை நீட்டுடி! இப்படி அரிச்சா ரத்தத்துல பித்த அமிலம் ஏறியிருக்கலாம். ஏறினா குழந்தைக்கு ஆபத்து."

"உன் லேப் புத்தியை இங்கே காட்டாதேக்கா. வளைகாப்புல ஆஸ்பத்திரியில இருந்து வந்து போட்ட வளையல் மணிக்கொரு தரம் ரத்தம் பார்க்குது. ஏறினா சிவப்பாகும், உடனே ஆபரேஷன். இது பச்சையாத்தானே இருக்கு!"

மேகலா கேட்கவில்லை. குத்தி எடுத்த ரத்தத்தைக் கருவியில் விட்டாள். நூற்றிருபது! நாற்பதே அபாயம்.

"அப்போ இந்த வளையல்?" பூரணி கையைத் திருப்பிப் பார்த்தாள்.

பக்கத்தில் நின்ற மாமியார் செண்பகவல்லி முந்தானையை விலக்கினாள். அவள் மணிக்கட்டிலும் ஒரு வளையல் பச்சையாக மின்னியது.

"குழந்தை பிறக்க ஜோசியர் குறிச்ச நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கே, அதுக்குள்ள சிவப்பாகி ஆபரேஷன் பண்ணிடுவாங்களேன்னு, அவ தூங்கும்போது மாத்திட்டேன். அவ கையில இருக்கிறது வெறும் கண்ணாடிம்மா."