மொழுக்கன் விழுந்த பலன்

ஒரு வீட்டுக் கூடத்துச் சுவரில் மொழுக்கன் என்றொரு பல்லியும் அவன் அக்கா சிலும்பியும் இருந்தார்கள். முட்டையை விட்டு வந்த மூன்றாம் நாளே மொழுக்கன் டியூப்லைட்டுக்குக் கீழே இடம் பிடித்துவிட்டான். வாயைத் திறந்தால் போதும், பூச்சி தானாக வந்து விழும்!

சிலும்பியோ காலண்டருக்கும் கடிகாரத்துக்கும் நடுவே ஒரே ஒரு கொசுவைத் துரத்தித் துரத்தி ஓடுவாள். “வாடா, ஓடிப் பிடிக்கலாம், ஜாலியா இருக்கும்!” என்பாள்.

“ஓடித் திங்கிறதெல்லாம் ஒரு பொழப்பா அக்கா?” என்று திறந்த வாயை மூடாமலே சிரிப்பான் அவன்.

வளர்ந்தான். சும்மா வளர்ந்தானா? டியூப்லைட் வெளிச்சத்தையே மறைக்கிற அளவுக்கு உப்பினான். ஒருநாள் மேற்கூரையில் நாலடி நகர்ந்ததற்கே நெஞ்சு திடுதிடுவென்று அடித்தது, கண் இருட்டியது, நாலு காலும் பிடி விட்டது. கீழே பஜ்ஜி தின்றுகொண்டிருந்த வீட்டுக்காரர் சிதம்பரநாதனின் தொந்தியில் தொப்பென்று விழுந்து, பந்து மாதிரி எகிறி, நாற்காலிக்கு அடியில் போய் நின்றான்.

“பஞ்சாங்கத்தை எடு, பஞ்சாங்கத்தை எடு!” என்று அலறினார் அவர். மனைவி ஓடிவந்து புரட்டினாள். “வயித்துல விழுந்தா மகிழ்ச்சியாம்ங்க!” வீடே குதூகலித்தது. உடனே இன்னும் நாலு பஜ்ஜி வந்தது.

மொழுக்கன் மூச்சு வாங்க வாங்கச் சுவரேறி வந்தான். “அக்கா, விழுந்த பல்லிக்கு என்ன பலன்னு அதுல போட்டிருக்கா? கொஞ்சம் எட்டிப் பாரேன்!”

சிலும்பி எட்டிப் பார்ப்பதற்குள் டியூப்லைட்டில் ஓர் ஈசல் வந்து மோதியது. அவன் வாய் தானாகத் திறந்துகொண்டது.