ஒரே பதில்

“முதல்ல அம்மா முகத்தைக் காட்டு கண்ணு. பேட்டி கீட்டியெல்லாம் அப்புறம்” என்றார் டார்லீன்.

டெஸ்ஸா சிரித்துக்கொண்டே லேப்டாப்பைத் திறந்தாள். பழைய நிகழ்ச்சிகளை மட்டுமே ஒளிபரப்பும் சேனலில் அவளுக்கு வேலை. எழுபதுகளில் அமெரிக்காவே வாயைப் பிளந்து பார்த்த, புதுசாகக் கல்யாணமானவர்களைத் தனித்தனியாகக் கேள்வி கேட்கும் ‘புதுமணப் போட்டி’யில் ஜெயித்த ஜோடிகளில், இன்னும் சேர்ந்து வாழ்கிறவர்களைக் கண்டுபிடித்துப் பேட்டி எடுக்க வேண்டும். போன இடமெல்லாம் விவாகரத்து. கடைசியில் பேக்கர்ஸ்ஃபீல்ட் ஊரில் இந்த வீட்டின் தபால் பெட்டியில் ‘வெண்டல், டார்லீன் ஹாகன்’ என்று பார்த்ததும்தான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“அம்மா கூட்டத்துல உக்காந்திருந்த அந்த நிகழ்ச்சி டிவியில ஒரே ஒரு தடவைதான் வந்துச்சு” என்றார் வெண்டல். “அதைப் பதிவு பண்ணி வைக்க அப்ப எங்ககிட்ட என்ன இருந்துச்சு? வீடு எரிஞ்சப்ப அம்மாவோட போட்டோவும் போச்சு. நீ வீடியோ காப்பி தர்றேன்னு சொன்னதாலதான் உள்ளேயே விட்டோம்.”

“பேட்டி முடிஞ்சதும் தர்றேன். ஆனா இன்னும் சேர்ந்து இருக்கிற ஜோடிக்கு மட்டும்தான் தரணும்னு மேலிடத்து உத்தரவு.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சேர்ந்துதானே இருக்கோம்” என்றார் டார்லீன். “என்ன, தனித்தனி ரூம். இவன் குறட்டைக்கு மனுஷி தூங்க முடியுமா?”

திரையில் ஆரஞ்சு நிற மேடை. தொகுப்பாளரின் சட்டைக் காலர் தோள்வரை விரிந்து கிடந்தது. மணி அடிக்கும்போதெல்லாம் கூட்டம் கூரை பிய்ந்துவிடும்போலக் கத்தியது.

“இந்த மணிச் சத்தம் கேட்டா எங்க தெருவே காலியாயிடும்” என்றார் வெண்டல். “அடுப்புல இருக்கறதைத் தீய விட்டுட்டு ஓடி வருவாங்க. இப்பவும் நடத்துறாங்களே போட்டி, எதுக்கெடுத்தாலும் அழுகை!”

“நீங்க ரெண்டு பேரும் கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரே பதில் சொல்லிருக்கீங்க. எப்படி?”

“இதுல என்ன அதிசயம்? ஈரலும் வெங்காயமும் சமைச்சா இவனுக்குக் குமட்டும். இடி இடிச்சா கட்டிலுக்கடியில போய்ப் படுத்துக்குவான். எனக்குத் தெரியாதா?” என்றார் டார்லீன்.

“ஜெயிச்சதும் நெத்தியில ஒரு முத்தம்! என்ன ஒரு நாகரிகம்!” என்றாள் டெஸ்ஸா.

வெண்டல் இருமினார்.

“பரிசா வந்த வாஷிங் மெஷின்?”

“அம்மாவுக்குக் குடுத்துட்டோம். அதுக்காகத்தானே போனோம். கையால துவைச்சுத் துவைச்சு அவ விரலே நிமிராது” என்றார் வெண்டல்.

அப்போது கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்பியது. மூன்றாவது வரிசையில் பச்சைத் தொப்பி போட்ட ஒருத்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

“நிறுத்து, நிறுத்து! அம்மா!” என்றார் டார்லீன். படம் நின்றது. அவர் திரையை விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

கிடைத்த மெஷினை மாமியாருக்கு விட்டுக்கொடுத்தது இவர்களில் யார்? பேட்டிக்கு இதைவிட இனிப்பாக என்ன வேண்டும்! டெஸ்ஸா கேமராவை ஓட விட்டாள்.

“போட்டியில செஞ்ச மாதிரியே கேட்கப்போறேன். சார், நீங்க சமையலறையில போய் இருங்க. இவங்க சொல்றது உங்க காதுல விழக் கூடாது.”

வெண்டல் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

“சொல்லுங்க, இவங்க யாரோட அம்மா?”

டார்லீனின் கண் திரையை விட்டு நகரவில்லை. “என்னோட அம்மா. என்னைப் பெத்தவ.”

அடேயப்பா, மாமியாருக்கு மெஷினையே தூக்கிக் கொடுத்த மருமகன்! டெஸ்ஸா உருகிப்போய்க் கதவைத் திறந்தாள்.

“உங்க முறை சார். இவங்க யாரோட அம்மா?”

திரையில் அந்த முகத்தைக் கண்டதும் வெண்டல் அப்படியே நின்றுவிட்டார். கண்ணீர் பொலபொலவென்று உதிர்ந்தது.

“இது என்ன கேள்வி கண்ணு? என்னைப் பத்து மாசம் சுமந்து பெத்து, ரெண்டு வருஷம் கழிச்சு இவளையும் பெத்த மகராசி...” என்றவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.