கொப்பரைக்குள் ஒரு காசு

ஒரு அடுப்படியில் அடி கனத்த இட்லிக் கொப்பரை ஒன்று இருந்தது. மற்ற பாத்திரங்களுக்குச் சூடு சட்டென்று உறைக்கும். இதற்கோ தண்ணீர் வற்றி, அடி பிடித்து, இட்லியெல்லாம் தீய்ந்த பிறகுதான் ஏதோ ஆகிவிட்டதென்றே தெரியும். உடனே புகையும், சீறும், மூடியைத் தூக்கி எறியும்.

"சரியான முன்கோபி! இன்னொரு தடவை கருக்குனா உனக்குப் பரண்தான்," என்றது வாணலி.

கொப்பரை வேண்டுமென்றா செய்தது? அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

மறுநாள் வீட்டுக்காரி தண்ணீரோடு ஒரு காசையும் உள்ளே போட்டு அடுப்பில் ஏற்றினாள். தண்ணீர் கொதித்ததும் காசு கடகடவென்று ஆட ஆரம்பித்தது.

"சும்மா கிடடா! வயித்துக்குள்ள என்ன கூத்து?"

"என்னை ஏண்ணே திட்டுறீங்க? என்னை ஆட்டி வைக்கிறதே உங்க தண்ணிதான். அது குறைஞ்சா என் ஆட்டமும் குறைஞ்சிடும். வேணும்னா கேட்டுப் பாருங்க."

கொப்பரை முணுமுணுத்துக்கொண்டே காது கொடுத்தது. கடகட, கடகட என்று ஓடிய சத்தம் கொஞ்ச நேரத்தில் கட... கட... என்று தேய்ந்தது. 'அப்பாடா, ஓய்ந்தான்' என்று நினைத்த கொப்பரைக்குத் திடீரென்று திக்கென்றது.

"மூடித் தம்பி, எனக்குத் தண்ணி வத்துது. கொஞ்சம் தட்டேன்!"

மூடி படபடவென்று அடித்துக்கொண்டது. வீட்டுக்காரி ஓடிவந்து ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள். இட்லி பூப்போல வெந்தது. அடுத்த ஈடும் அடுப்பேறியது.

"என்னப்பா, இன்னைக்குக் கோபத்தைக் காணோம்?" என்று சீண்டியது வாணலி.

"கொஞ்சம் பேசாம இருங்கக்கா," என்றது கொப்பரை. "காசு ஆடுறது கேக்கல."