குட்டை விளிம்புத் தொப்பி

மாஸ்க்கை மாட்டிக் கழற்றிப் பார்க்காமல் அவள் தொப்பி வாங்க மாட்டாள்.

விளையாட்டுச் சாமான் கடைக்காரருக்கு அது தெரியும். கேட்காமலேயே ஒரு பழைய கம்பி மாஸ்க்கை எடுத்து கவுண்டர் மேல் வைத்தார். பக்கத்தில் இரண்டு தொப்பிகள். இரண்டும் கருநீலம். ஒன்றுக்கு முன்விளிம்பு நீளம். மற்றதற்கு மூன்று விரல் அகலம் இருந்தால் அதிகம்.

சாஃப்ட்பால் அம்பயருக்கு இது அலங்கார விஷயம் இல்லை. பந்தடிக்கும் இடமான பிளேட்டில், கேட்சருக்குப் பின்னால் நிற்பவருக்குக் குட்டை விளிம்பு. அப்போதுதான் மேலே மாஸ்க் உட்காரும். பந்து எகிறும்போது வெடுக்கென்று மாஸ்க்கைக் கழற்றினால் தொப்பியும் கூடவே பறக்காது. தள்ளி பேஸ் பக்கம் வெயிலில் காய்பவருக்கு நீள விளிம்பு.

தொப்பியைப் பார்த்தாலே போதும், அன்றைக்கு யார் பெரிய அம்பயர் என்று சொல்லிவிடலாம்.

லீக் ஆட்டங்களில் அவள் பிளேட்டில் நின்றிருக்கிறாள். ஃபைனல் என்று வந்தால் மட்டும் எப்போதும் பேஸ்தான். பெண்டாட்டிக்கே கொடுத்துவிட்டான் என்று நாலு பேர் பேசுவார்கள் என்பான் அவள் கணவன். அம்பயர் சங்கத்தின் செயலாளர். யாரை எங்கே நிறுத்துவது என்பது அவன் கையில்.

அவன்தான் இன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "நாளைக்கு ஃபைனல். நல்ல தொப்பியா ஒண்ணு வாங்கிக்கோ. பழசு பல்லிளிக்குது."

நல்ல தொப்பி என்றால் வேறு என்ன அர்த்தம்? குளித்துத் தலை துவட்டுவதற்குள் அவள் மனசுக்குள் பிளேட்டில் போய் நின்றுவிட்டாள்.

பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு முதல் நாளே அவள் இரண்டு விஷயம் சொல்வாள். பந்து கையுறைக்குள் முழுசாக அடங்கும்வரை தீர்ப்புச் சொல்லக் கையைத் தூக்காதே. தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொள். மாஸ்க்கின் வாரில் மாட்டி இழுத்தால் உயிர் போய்விடும்.

எல்லாரும் வெட்டிக்கொண்டார்கள், ஒருத்தியைத் தவிர. போன வருஷம் சேர்ந்தவள். வாய்க்கு வாய் அக்கா என்பாள். கத்தரிக்கோல் கொண்டு வரட்டுமா என்று மிரட்டினால், கட்டிக்கப் போறவன் ஓடிடுவான் அக்கா என்று குதிரைவாலை ஆட்டிச் சிரிப்பாள். சங்கக் கூட்டத்தில் இந்தப் பேச்சு எழுந்தபோது, முடிக்கும் தீர்ப்புக்கும் என்ன சம்பந்தம் என்று செயலாளரே கேட்டுவிட்டதால் இவளும் அதோடு விட்டுவிட்டாள்.

குட்டை விளிம்புத் தொப்பியை வைத்து, மேலே மாஸ்க்கை மாட்டினாள். கண்ணாடியில், கம்பிகளுக்குப் பின்னால், ஃபைனல் அம்பயர் ஒருத்தி நின்றாள்.

கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்காது.

"ஏம்மா, வீட்டுல ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களா? நேத்துதான் சார் வந்து இதே குட்டை விளிம்புல ஒண்ணு வாங்கிட்டுப் போனாரு."

அவள் திரும்பினாள்.

சாருக்கு அளவு தெரியவில்லையாம். நம்பர் கேட்டதற்கு முழித்தாராம். கடைசியில் இரண்டு கையையும் குவித்து, காற்றில் ஒரு தலையைப் பிடித்து, இவ்வளவு என்று காட்டினாராம். கடைக்காரர் அதை நடித்தும் காட்டினார். ஏதோ பூசணிக்காயை விலை பேசுகிற மாதிரி இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கல்யாண நாளையே மறந்துபோகிற ஆள். தலையை எப்போது அளந்தான்? அவள் தூங்கும்போதா?

வாங்கி எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத மாதிரி நீயே போய் வாங்கிக்கோ என்று விளையாட்டுக் காட்டியிருக்கிறான். அதுதான் முகத்தைப் பார்க்காமல் பேசினான், திருட்டுப் பயல். கொஞ்ச நாளாக அவனிடம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்ததை நினைத்தாள். மாஸ்க்குக்குள் கண் நிறைந்தது. நல்ல வேளை, கம்பிகள் இருந்தன.

இனி எதற்கு இன்னொரு தொப்பி? வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் கடைக்காரர் டேப்பை எடுத்துவிட்டார். "இதுலயும் பின்னாடி வெட்டித் தெச்சுத் தரணுமாம்மா? முடி வெளிய வர்ற மாதிரி சந்து வேணும்னு சார் நின்னு வாங்கிட்டுப் போனாரு."

கை தானாகப் பின்கழுத்துக்குப் போனது. வார் தட்டுப்பட்டது. வாருக்குக் கீழே வெறும் கழுத்து.

பந்து அடங்குவதற்குள் கையைத் தூக்கிவிட்டாள்.

கடைக்காரர் பதிலுக்குக் காத்திருந்தார். சற்று முன் குவித்துக் காட்டிய அவருடைய கைகள் இப்போது கவுண்டர் மேல் சும்மா கிடந்தன. அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வெடுக்கென்று மாஸ்க்கைக் கழற்றினாள்.

தொப்பி இம்மியும் அசையவில்லை. அப்படி ஒரு பொருத்தம்.

அதைக் கழற்றி, மாஸ்க்குக்குப் பக்கத்தில் வைத்தாள். நீள விளிம்புத் தொப்பியை எடுத்தாள்.

ஃபைனல் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில்தானே, வெயிலே இருக்காதே என்றார் கடைக்காரர்.

அவள் அதைத் தலையில் வைத்து, விளிம்பை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தாள்.

கண் தெரியவில்லை.

"இதுவே இருக்கட்டும்ணே."